பாதிரிக்குக் கால் சிவந்தபோது

ரூய்க்ரான்ஸ் பண்ணை,
அவுட்ஸ்ஹூர்ன்.
ஆகஸ்ட் 4, 1996

அன்புள்ள திரைனாவுக்கு,

எசாயாஸ் எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் நாயும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீயும் லேனியும் உன் அக்கா வீட்டில் மீனாகத் தின்று உடம்பு தேறியிருப்பீர்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு வரி எழுதிப் போட உனக்கு மனசு வரவில்லை. மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்ததா இல்லையா என்பதைக்கூட நான் பஸ்காரனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரே கேட்டுச் சிரித்தது.

கோபம் இருக்கட்டும், இப்போது பாதிரி விஷயம் பேசியாக வேண்டும். அதற்குக் கால் சிவந்துவிட்டது. காலின் முன்பக்கம், அலகு எல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. கழுத்தை உப்பிக்கொண்டு அது உறுமுவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிறது. நேற்றுத் தீவனத் தொட்டியை ஒரே உதையில் இரண்டாகப் பிளந்தது. குதிரைமசால் தீவனக் கட்டைக் கம்பி வேலிக்கு மேலேயே வீசிவிட்டு ஓடி வருகிறேன். இருபது வருஷமாக நெருப்புக்கோழி மேய்க்கிறவன் நான், என்னையே ஓட வைக்கிறது.

மற்ற ஆண்பறவைகளுக்கும் இந்த இணைசேரும் பருவத்தில் கால் சிவக்கத்தான் செய்யும். ஆனால் முள்கிளையை முகத்துக்கு நேரே தூக்கினால் விலகிவிடும், ஏனென்றால் அவற்றுக்கு மனுஷன் என்றால் பயம். இதற்கு அந்தப் பயமே கிடையாது. தாய் விட்டுப்போன முட்டையைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்துப் பொரித்தது நீ. உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் வளர்ந்தது. கறுப்பு உடம்பும் ஓரத்தில் வெள்ளை இறகுமாக அங்கி போட்டதுபோல் நின்றபோது பாதிரி என்று பெயர் வைத்ததும் நீதான். நானும் அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அது மனுஷரைத் தன் இனம் என்று நினைக்கிறது. உன்னைத் தன் பெட்டை என்றும் என்னைப் போட்டிக்கு வந்த சேவல் என்றும் நினைக்கிறது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்றால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்.

அன்று நான் கிளையால் அதன் கழுத்தில் அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அடித்திராவிட்டால் என் குடல் வெளியே வந்திருக்கும். அதற்காக மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா?

லேனி எந்நேரமும் அந்தக் கம்பியோரத்தில் நிற்கிறவள். ஆறு வயசுப் பிள்ளை. அதன் நகம் விழுகிற உயரத்தில்தான் அவள் தலை இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை கசாப்புக் கூடத்து லாரி வருகிறது. முதலாளியிடம் கேட்டேன். "அது உன் பொண்டாட்டி வளர்த்த பறவைப்பா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க. யாரையாச்சும் கொன்னுதுன்னா மட்டும் என்கிட்ட வராதீங்க" என்றார். ஏற்றிவிடட்டுமா என்று ஒரு வார்த்தை எழுது. பிறகு நீங்கள் பயமில்லாமல் வீட்டுக்கு வரலாம்.

இப்படிக்கு,
எசாயாஸ்


மோசல் பே,
ஆகஸ்ட் 12, 1996

லேனியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். லேனிக்கு மட்டும் கடல்காற்று ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்திருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. ஹெஸ்தர் அக்கா உங்களை விசாரித்தாள். நல்லவிதமாக விசாரித்தாள் என்று சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் பாதிரியைப் பற்றி ஒரு பக்கமும் என்னைப் பற்றி ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரியும் ஊர் சிரித்த கதை. ஊர் சிரிப்புக்கு இவ்வளவு பயப்படுகிறவர், அன்றைக்கு ஊர் பார்க்க அவனை அடித்தீர்களே, அவன் கழுத்தை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தானே, அதை ஏன் எழுதவில்லை? ஒரு அடி என்றால் நான் பேசியிருக்க மாட்டேன். அவன் விலகிப் போன பிறகும் துரத்திப் போய் அடித்தீர்கள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பறவைமேல் இருந்த கோபம் இல்லை அது. நான் அவனோடு கம்பிக்குள் நின்று சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு வந்த கோபம். பறவையிடம் பொறாமைப்படுகிற புருஷனை எந்த ஊரில் பார்க்க முடியும் என்று அக்கா கேட்கிறாள். எங்கள் ஊரில்தான் என்று சொன்னேன்.

என் வரைக்கும் அவன் ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் உள்ளே போனால் மண்டியிட்டு உட்காருவான், இரண்டு சிறகையும் விரித்து, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி ஆடுவான். கையில் நான் ஒருநாளும் முள்கிளை எடுத்ததில்லை. அடிக்க வருகிறவனைத்தான் அவன் உதைப்பான். நீங்கள் மட்டும் வேறு என்ன செய்வீர்களாம்?

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். கதவுக்குப் பின்னால் என் நீல ஏப்ரனும் தலைத்துணியும் தொங்குகின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு தீவனம் வையுங்கள். அவன் யாரை உதைக்கிறான், யாரை உதைப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆண்பிள்ளைக் கௌரவம் இடம் கொடுத்தால் செய்யுங்கள்.

அவனை லாரியில் ஏற்றினால், எங்களை அழைக்க நீங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வரவேண்டாம். நாங்கள் அந்தப் பஸ்ஸில் இருக்க மாட்டோம்.

திரைனா


ரூய்க்ரான்ஸ்,
ஆகஸ்ட் 25, 1996

அன்புள்ள திரைனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டாக மடித்து, பதிலே எழுதுவதில்லை என்று அலமாரிமேல் எறிந்தேன். பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்குப் போ என்று எழுதும் பெண்டாட்டிக்கு என்ன பதில் எழுதுவது?

ஆனால் பாதிரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. வீசின குதிரைமசால் வீசின இடத்திலேயே காய்ந்து கிடக்கிறது. பஸ் போகிற மண்சாலையைப் பார்த்தபடி வேலி மூலையில் நிற்கிறது. ஃப்ளிப் மாமா வந்து பார்த்தார். "பெட்டை செத்துப்போன சேவல் இப்படித்தான் நிக்கும்டா. ஒண்ணு அவ வரணும், இல்ல இது போகணும்" என்றார். லாரிவரை தாங்காமல் செத்துப்போனால் நான்தான் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று நீ சொல்வாய். அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

அதனால் போட்டுக்கொண்டேன். ஏப்ரன் முதுகில் முடிச்சு எட்டவில்லை, கயிறு கட்டினேன். தலைத்துணியை எப்படிக் கட்டுவது என்று எனக்கு என்ன தெரியும்? பல்வலிக்காரன் மாதிரி தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கையில் முள்கிளையும் எடுத்துக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. கம்பியைத் தூக்கி உள்ளே போனேன். அது தலையைத் திருப்பிப் பார்த்தது. ஓடி வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து பொத்தென்று மண்டியிட்டு, சிறகை விரித்து ஆட ஆரம்பித்துவிட்டது.

நான் தொட்டியில் தீவனத்தைக் கொட்டிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்துவிட்டேன். அது தின்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி ஜீப்பில் வர வேண்டும்? என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, "சௌக்கியமா இருக்கீங்களாம்மா?" என்றார். அன்று முதல் இறகு கத்தரிக்கும் கொட்டகையில் எனக்கு 'திரைனா அக்கா' என்றுதான் பெயர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உனக்குத் திருப்திதானே?

லேனிக்கு முத்தம். அவள் சளிக்கு ரூய்பாஸ் தேநீரில் தேன் விட்டுக் கொடு.

எசாயாஸ்


மோசல் பே,
செப்டம்பர் 2, 1996

அன்புள்ள லேனியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்ன ஏது என்று ஓடி வந்தாள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். பிறகு அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். நீங்கள் போட்டுக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தலைத்துணியைத் தாடையில் கட்டக் கூடாது. நெற்றியோடு இழுத்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட வேண்டும். ஏப்ரனைத் துவைத்துவிடாதீர்கள், என் வாசம் போய்விடும். முள்கிளை எதற்கு? அதைக் கண்டால்தான் அவனுக்குப் பழைய அடி ஞாபகம் வரும். நான் என்றைக்குக் கிளையோடு போயிருக்கிறேன்? அதை வெளியே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். இன்னும் நன்றாக ஆடுவான்.

லேனி தினமும் பாதிரி என்ன செய்கிறான் என்று கேட்கிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று இரண்டாவதாகத்தான் கேட்கிறாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். லாரி வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் வந்துவிடுகிறோம்.

அக்கா உங்களுக்கு உப்புக்கண்டம் போட்ட மீன் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

திரைனா


ரூய்க்ரான்ஸ்,
செப்டம்பர் 11, 1996

என் அன்புத் திரைனாவுக்கு,

சொல்லிவிட்டேன். லாரி வேண்டாம், பாதிரி இங்கேயே இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "எப்பா, ஏப்ரன் கட்டுனதுலேர்ந்து உனக்கும் மனசு இளகிப்போச்சு" என்றார். அவர் பேச்சை விடு.

இப்போது கிளை இல்லாமல்தான் போகிறேன். முதல் நாள் வேலியோரமாகவே நின்றேன், பிறகு பழகிவிட்டது. தீவனம் வைத்துவிட்டு உடனே திரும்புவதில்லை. நின்று பார்க்கிறேன். இத்தனை வருஷம் இந்தப் பறவைகளை இறகாகவும் தோலாகவும் கறியாகவும்தான் பார்த்திருக்கிறேன். மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து முதுகில் பட்டுப் பட்டுத் தெறிக்க அவன் ஆடுகிறான், நான் என்ன நினைக்கிறேன் என்ற கவலையே இல்லாமல். இப்படி யாராவது எனக்காக ஆடினால் நானும்தான் கம்பிக்குள்ளேயே நிற்பேன். நீ நின்றதில் தப்பில்லை. நான் உனக்காக ஒரு கல்யாண வீட்டில்கூட எழுந்து ஆடியதில்லை, அது எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் வந்த பிறகு லேனி கம்பிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. நீ போ, நான் போகிறேன், அவள் வேண்டாம். இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

கூரையில் ஒழுகுகிற இடத்துக்குத் தகடு அடித்துவிட்டேன். எப்போது பஸ் என்று எழுது.

உன் எசாயாஸ்


ரூய்க்ரான்ஸ்,
செப்டம்பர் 18, 1996

மகள் திரைனாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. எழுதுவது ஃப்ளிப் மாமா, சொல்வது உன் புருஷன். அவனுக்கு வலது தோளெலும்பு முறிந்திருக்கிறது, தொடையில் தையல் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இனி அவன் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

திரைனா, தப்பு என்னுடையது. பாதிரியைக் கோபிக்காதே. நான் தீவனம் வைத்துவிட்டு அவன் முன்னால் நின்றிருந்தேன். ஃப்ளிப் மாமா வேலிக்கு வெளியிலிருந்து, "ஏய் எசாயாஸ், கொறடு எங்கடா வெச்சே?" என்று கேட்டார். கொட்டகையில் இருக்கிறது என்று நானும் கத்திச் சொன்னேன். இத்தனை நாளில் உள்ளே நின்று நான் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. உன் துணிக்குள்ளிருந்து என் குரல் வந்ததும் அவனுக்கு என்ன தோன்றியதோ. ஆட்டத்தை நிறுத்தி எழுந்தான். முதல் உதை தோளில் விழுந்தது, இரண்டாவது உதையில் ஏப்ரனோடு சேர்த்துத் தொடை கிழிந்தது. கையில் கிளை இல்லை. எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தபடி குப்புற விழுந்து தரையோடு தரையாகக் கிடந்தேன், படுத்திருப்பவனை அவற்றுக்கு உதைக்கத் தெரியாது என்பார்கள். அது உண்மைதான். உதைக்கவில்லை. என்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

(இதை நான் சேர்க்கிறேன் மகளே. முட்டைமேல் உட்காருகிற மாதிரி சிறகைப் பரப்பி இவன்மேல் அடைகாத்தது. நான் கிளையோடு கிட்டே போனால் சீறியது. ஆள் கூட்டி, கிளை வெட்டி, நாலு பக்கமும் சுற்றி நின்று ஓட்டும்வரை இவன் அடியில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தான். தலைக்கு வந்தது தோளோடு போயிற்று. பாதி நேரம் நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். எழுதுவதை நிறுத்து என்கிறான் உன் புருஷன்.)

முதலாளி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிற லாரியிலாவது ஏற்று என்கிறார். அதுவும் வேண்டாம் என்றேன். உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி உள்ளே போனால் நான் வாய் திறக்க மாட்டேன், அவ்வளவுதானே. நீயும் லேனியும் வீட்டுக்கு வாருங்கள். எனக்கு அது போதும்.

எசாயாஸ் சொல்ல,
ஃப்ளிப்


மோசல் பே,
செப்டம்பர் 23, 1996

எசாயாஸ்,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்று பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கினதும் படியுங்கள். ஃப்ளிப் மாமா பக்கத்தில் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கிளையை வெளியே வை என்று எழுதியது இந்தக் கைதானே. உங்கள் தோள் முறிந்ததற்கு அவனையும் சொல்ல முடியாது, உங்களையும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாமா எழுதியதை நான் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். லேனி தரையில் உட்கார்ந்து சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் பதில் கத்தின இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா ஏன் பேசினாரு? உள்ள போனா பேசக் கூடாதும்மா" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நான் உங்க தலைத்துணியக் கட்டிக்கிட்டுக் கம்பிக்கு அடியில போவேன்ல, அப்ப வாயே தொறக்க மாட்டேன். அவன் ஆடி முடிக்கிற வரைக்கும் கைய நீட்டிக்கிட்டுச் சும்மா நிப்பேன்" என்றாள். எத்தனை தடவை போனாய் என்று அக்காதான் கேட்டாள். "அம்மா வாய்க்கால்ல துணி தொவைக்கறப்பல்லாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிப்பி அடுக்கப் போய்விட்டாள்.

நான் பாதிரியின் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே துணி துவைத்தவள். பாட்டு வேறு பாடிக்கொண்டு துவைத்தேன். ஒரு தும்மல் போதுமே எசாயாஸ். சளி பிடிக்கிற பிள்ளை அவள். நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள், பொறாமை என்று நான் தட்டிவிட்டேன். அன்று இரவெல்லாம் அவளைக் கட்டிப் பிடித்தபடியே கிடந்தேன், அக்கா வந்து பிரித்துப் படுக்க வைத்தாள்.

முதலாளியிடம் சொல்லுங்கள், வியாழக்கிழமை லாரி வரட்டும். உங்கள் வாக்கிலிருந்து உங்களை விட்டுவிட்டேன். ஆனால் யாரும் அவனைப் பிடிக்க உள்ளே போகக் கூடாது. கழுத்தில் கொக்கி போட்டு இழுக்கவும் கூடாது, இன்னும் இரண்டு பேருக்கு வயிறு கிழியும், அவனுக்கும் கால் முறியும். மாமாவிடம் சொல்லி அவன் கண்ணை மறைக்க ஒரு தலையுறை மட்டும் எடுத்து வையுங்கள். அதை நான் போடுகிறேன்.

லேனியை அக்காவிடம் விட்டுவிட்டுப் புதன்கிழமைப் பஸ்ஸில் வருகிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. லாரி வரும்போது நீங்கள் எல்லோரும் கொட்டகைக்குள் இருங்கள், அவன் கண்ணில் படாதீர்கள். என்னைப் பார்த்ததும் மண்டியிட்டு ஆடுவான். ஆடி முடித்ததும் கழுத்தைத் தரையோடு தாழ்த்தி என் காலடியில் வைப்பான், எப்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் தலையுறையைப் போட்டுவிடலாம். கண் இருட்டிவிட்டால் என் குரலைக் கேட்டு என் பின்னாலேயே நடந்து வருவான், பலகையில் ஏறி லாரிக்குள்ளும் வருவான். கதவைப் பூட்டி முடிக்கும்வரை நான் அவனிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது என்றுதான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை.

உங்கள்,
திரைனா